கோஹாவில் ஒரே பெயருள்ள இரண்டு ஆசிரியர்களைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். எங்கள் நூலகத்தின் பட்டியல் மென்பொருளான கோஹாவில் வின்ஸ்டன் சர்ச்சில் பெயரைத் தட்டினால் பிரிட்டிஷ் பிரதமரும் (1874–1965) அமெரிக்க நாவலாசிரியரும் (1871–1947) ஒரே ஆளாக வருகிறார்கள், 1901இல் வந்த 'தி கிரைசிஸ்' நாவலைப் பிரதமர் எழுதியதாகக் காட்டுகிறது. போன மாதம் பழைய பதிவுகளை ஏற்றியதிலிருந்து இப்படித்தான். கேம்பிரிட்ஜில் உள்ள பிரதமரின் ஆவணங்கள், டார்ட்மவுத் கல்லூரியில் உள்ள நாவலாசிரியரின் ஆவணங்கள் பற்றிய குறிப்புகளும் கலந்துவிட்டன. ஆய்வு மாணவர்கள் தவறான காப்பகத்துக்கு எழுதிவிடுவார்களே என்பதுதான் என் பெரிய கவலை.

குழப்பம் வேண்டாம் என்று பிரதமர் அந்தக் காலத்திலேயே 'ஸ்பென்சர்' சேர்த்துக் கையெழுத்திட்டார், ஆனால் எங்கள் பதிவுகள் பலவற்றில் அது இல்லை, அதை வைத்துத் தேடிப் பயனில்லை. நூல்பதிவில் ஆசிரியர் பெயர் வரும் மார்க் 100 புலத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைச் சேர்த்தாயிற்று, இன்டெக்ஸையும் புதுப்பித்தாயிற்று. நாவலாசிரியருக்குத் தனி அதாரிட்டியும் (ஒரு ஆசிரியரை அடையாளம் காட்டும் பெயர்ப்பதிவு) போட்டாயிற்று. அப்புறமும் நூல்பதிவை அதாரிட்டியோடு இணைக்கும் 9 துணைப்புலத்தில் பழைய அதாரிட்டி எண்ணே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாவலாசிரியரின் பதிவுகளை மட்டும் மொத்தமாகப் புது அதாரிட்டி எண்ணுக்கு மாற்ற என்ன வழி?