ஒரு பக்கம் சுவரில்லாத ஹாலில் சரவுண்ட் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலுக்கு 5.1 அமைப்பு (முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட், கீழ்சுரங்களுக்கு ஒரு சப்வூஃபர்) ஒன்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வருகிறேன். ஏழு சேனல் ரிசீவர் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டி), முன்பக்கத்துக்கு இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், சென்டர், 10 அங்குல சப்வூஃபர் ஆகியவை வந்துவிட்டன. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டுமே பாக்கி. அவற்றுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

ஹால் 17 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. டிவி ஒரு குறுஞ்சுவரில் இருக்கிறது; எதிர்ச்சுவரை ஒட்டியபடி மூவர் அமரும் சோபா. சோபாவில் அமர்ந்தால் இடக்கைப் பக்கம் பால்கனியின் கண்ணாடிக் கதவு; அது பின்சுவருக்கு நான்கு அடி முன்பாகவே முடிந்துவிடுகிறது. வலக்கைப் பக்கம் சுவரே இல்லை. ஹால் அப்படியே சாப்பாட்டு அறையாகத் தொடர்கிறது. மேலே ஒரு பீம் மட்டும் ஓடுகிறது. பின்சுவர் இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாக நீள்கிறது. தரை முழுவதும் டைல்ஸ்; மேலே வெறும் காங்கிரீட் தளம்; ஃபால்ஸ் சீலிங் கிடையாது.

ரிச்சி தெருவில் விசாரித்தபோது கடைக்குக் கடை பதில் மாறியது. இரு பக்கமும் ஒலியை வீசும் பைபோல் ஸ்பீக்கர்தான் சரவுண்டுக்கு ஏற்றது என்றார் ஒருவர். ஃபால்ஸ் சீலிங் செய்து சீலிங் ஸ்பீக்கர்களைப் பதித்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். ஏழு சேனல் ரிசீவரை வைத்துக்கொண்டு ஐந்தோடு நிறுத்துவது வீண், நான்கு சரவுண்டாக வாங்குங்கள் என்பது மற்றொருவரின் யோசனை.

என் முதன்மையான கவலை என் தந்தையாரைப் பற்றியது. அவருக்குக் காது சற்று மந்தம். சோபாவின் வலது முனைதான் அவருடைய இடம். உறவினர் வீட்டில் படம் பார்த்தபோது, பக்கத்து ஸ்பீக்கரின் சத்தத்தில் வசனம் புரியவில்லை என்று பாதியில் எழுந்து போய்விட்டார். எங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது. வழிகாட்டுங்கள்.

ஒலிநேயன் எழுதியது:

வணக்கம். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் முன் சோபாவை முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். உங்கள் சிக்கலில் பாதி அந்தப் பின்சுவரில்தான் இருக்கிறது. தலைக்குப் பின்னால் சுவர் ஒட்டியிருந்தால், கீழ்சுரங்கள் அங்கே குவிந்து கும்மென்று ஒலிக்கும். சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோகவும் இடமிருக்காது.

5.1 அமைப்புக்கான பன்னாட்டு ஒலிபரப்புப் பரிந்துரை, டிவியின் நடுப்புள்ளியை 0 டிகிரி என்று கொண்டு, முன்பக்க ஸ்பீக்கர்களை இருபுறமும் 30 டிகிரியிலும் சரவுண்ட் ஸ்பீக்கர்களை 100 முதல் 120 டிகிரிக்குள்ளும் வைக்கச் சொல்கிறது. டால்பி நிறுவனம் சொல்வது 110 முதல் 120. நேர் பக்கவாட்டு என்பது 90 டிகிரி. ஆகவே சரவுண்ட் ஸ்பீக்கரின் இடம் காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி. உங்கள் ஹாலின் அகலம் 12 அடி என்பதால், நடுவில் அமர்பவரிடமிருந்து ஒவ்வொரு பக்கமும் 6 அடி. அந்தத் தொலைவில் 110 டிகிரி என்றால், காது இருக்கும் கோட்டுக்கு ஏறத்தாழ 2.2 அடி பின்னால். 120 டிகிரி என்றால் 3.5 அடி பின்னால். ஆகவே, அமர்பவரின் காது பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்குமாறு சோபாவை நகர்த்தினாலே 110 டிகிரி கைகூடிவிடும். 17 அடி நீள ஹாலில் அந்த 3 அடியை விட்டுக்கொடுப்பது, 25,000 ரூபாய்க்குப் பதில் 50,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்குவதைவிடக் கூடுதல் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

உயரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோபாவில் அமர்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 3.25 அடியில் இருக்கும். நடு இருக்கைக்கு மட்டும் என்றால் காது மட்டத்துக்குச் சற்று மேலே போதும். தந்தையார் ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு மிக அருகில் அமர்வதால், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல்சுரங்களைத் தரும் சிறு பகுதி) 5 அடி உயரத்தில் இருக்கட்டும். ஒலி நேராகக் காதைத் தாக்காமல் தலைக்கு மேலாகக் கடந்து செல்லும்.

கடைக்காரர்கள் சொன்னவற்றில் சீலிங் ஸ்பீக்கர் யோசனையை ஒதுக்கிவிடுங்கள். 2014-இல் வீடுகளுக்கு வந்த டால்பி அட்மாஸ், காது மட்டத்து ஒலியையும் தலைக்கு மேலிருந்து வரும் ஒலியையும் வேறுபடுத்திக் காட்டுவதற்காகவே உருவானது. சரவுண்டையே மேலே ஏற்றிவிட்டால், பிற்பாடு அட்மாஸ் வைக்கும்போது மழைக்கும் மழையில் நடந்து வருபவருக்கும் ஒரே திசைதான் இருக்கும். நான்கு சரவுண்ட் யோசனையும் வேண்டாம். அப்படிப்பட்ட 7.1 அமைப்பில் பின் ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 டிகிரிக்குள் அமைய வேண்டும். 3 அடி இடைவெளியில் அவை பின்னந்தலையை ஒட்டி நிற்கும். ரிசீவரில் மிஞ்சும் இரண்டு சேனல்கள் வீணல்ல. பின்னாளில் தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர்கள் வைத்து 5.1.2 ஆக்கிக்கொள்ளலாம்.

பணத்தை நான்காகப் பிரிக்காமல் இரண்டு நல்ல, சிறிய, நேராக ஒலி வீசும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் போடுங்கள். முன்பக்க ஸ்பீக்கர்களின் அதே வரிசையில் சிறிய மாடல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒரே ட்வீட்டர் இருந்தால் குரலின் நிறம் முன்னிருந்து பின்னே நகரும்போது மாறாது. கிடைக்காவிட்டால் பெரிய குறை இல்லை. அந்தப் பொருத்தம் முன்பக்க மூன்றுக்கும் இடையில் இன்றியமையாதது. சரவுண்டில் விரும்பத்தக்கது, அவ்வளவுதான்.

மயிலைக்கேட்பாளர் எழுதியது:

ஒலிநேயன் ஐயா சோபாவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பைபோல் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசாமலே கடந்துவிட்டீர்கள். கேட்டவரின் தந்தையார் ஒரு ஸ்பீக்கருக்கு அருகிலேயே அமர்கிறார் என்பதால், அது விரிவாகப் பேசப்பட வேண்டும்.

1987-இல் வந்த டால்பி புரோ லாஜிக்கில் சரவுண்டுக்கு ஒரே ஒரு சேனல்தான். அதுவும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் தராது. அந்த ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கர்களிலும் வந்ததால், திசை தெரியாமல் அறை முழுவதும் பரவச் செய்வதே நல்லது என்று கருதி, முன்னும் பின்னும் ஒலி வீசி, கேட்பவரை நோக்கிய பக்கத்தை மௌனமாக விடும் டைபோல் ஸ்பீக்கர்களைப் பரிந்துரைத்தார்கள். ஒவ்வொரு சரவுண்டுக்கும் தனிச் சேனல் வந்த பின் அந்தத் தேவை குறைந்தது உண்மைதான். ஆயினும் பைபோல் என்பது சற்று வேறு. அதன் இரண்டு முகங்களும் ஒரே கட்டத்தில் (ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றதும் தள்ளும்படி) ஒலிப்பதால் நடுவில் மௌனப் பகுதி உருவாவதில்லை. அருகில் அமர்ந்தவரை ஒற்றை ட்வீட்டர் குத்துவதும் இல்லை. இரு பக்கமும் சுவர் உள்ள, வரிசையாகப் பலர் அமரும் எங்கள் அறையில் ஓர இருக்கைக்காரர்களுக்கு அது மிகவும் இதமாக இருக்கிறது.

ஒலிநேயன் எழுதியது:

நீங்கள் சொன்ன வரலாறும் சரி, உங்கள் அறைக்கான தேர்வும் சரி. ஆனால் பைபோல் தன் வேலையில் பாதியைச் சுவரிடம் ஒப்படைக்கிறது. பக்கங்களில் வீசும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பினால்தான் அந்தப் பரவல் கிடைக்கும். வேளச்சேரி நண்பரின் வலப்பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்து கிடக்கிறது. இடது பைபோல் நிறைந்து ஒலிக்கும்போது, வலது பைபோலின் ஒரு முகம் வெட்டவெளியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். இரு பக்கங்களும் இவ்வளவு வேறுபட்ட ஹாலில், சுவரை அதிகம் நம்பாத நேர்முக ஸ்பீக்கரே பாதுகாப்பானது.

தந்தையாரின் இருக்கைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோபாவின் வலது முனையிலிருந்து வலது சரவுண்ட் சுமார் 4 அடியிலும் இடது சரவுண்ட் சுமார் 9 அடியிலும் இருக்கும். தொலைவு இரு மடங்கானால் ஒலியளவு 6 டெசிபல் குறையும் என்பது திறந்த வெளிக் கணக்கு. அறைக்குள் அந்த வேறுபாடு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் காதுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஸ்பீக்கர்களைக் கேட்பவர்களை நோக்கித் திருப்பாதீர்கள். தலைகளுக்குப் பின்னால், இரண்டும் ஒன்றையொன்று எதிரெதிராகப் பார்க்கட்டும். அப்போது தந்தையார் வலது ஸ்பீக்கரின் நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகிவிடுவார். மேல்சுரங்கள் அவருக்கு மென்மையாகும். தொலைவில் இருப்பவருக்கோ அதே ஸ்பீக்கர் கிட்டத்தட்ட நேராகவே ஒலிக்கும். 5 அடி உயரமும் இதனோடு சேர்ந்து உதவும். அவர் நடு இருக்கைக்கு மாற இசைந்தால் இவை எதுவுமே வேண்டியதில்லை. ஆனால் பெரியவர்களின் இடத்தை மாற்றச் சொல்வதைவிட ஸ்பீக்கரை மாற்றுவதே நல்லது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வயதானவர்களுக்கு முதலில் குறைவது மேல் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணொலிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அவருக்கு வசனம் புரியாததற்கு சரவுண்ட் மட்டும் காரணமாக இருக்காது. ரிசீவரின் மைக்கை வைத்து அளவீடு முடிந்ததும், சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள். சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஆழமாக இருந்தால் விளிம்புவரை முன்னே இழுத்து, முகத்தைக் காதை நோக்கிச் சற்று மேலே சாய்த்து வையுங்கள்.

கடலோரவாசி எழுதியது:

நான் திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் இருப்பவன். பொருளின் ஆயுளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமால் ஆனதா ரப்பரால் ஆனதா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஃபோம் விளிம்பு நாளடைவில் பொடிந்துவிடும், ரப்பர் தாங்கும்.

வயரில் ஏமாற வேண்டாம். செம்பு பூசிய அலுமினிய வயர் பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். முழுச் செம்பு, 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். ரிசீவரிலிருந்து சரவுண்டுக்கு 12 மீட்டர் ஓடினாலும் போய்வரும் மொத்தத் தடை ஏறத்தாழ 0.3 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். உப்புக் காற்றில் வயர் நுனி பச்சை பூக்கும். அவ்வப்போது நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கிச் செருகுங்கள். வயரைச் சாப்பாட்டு அறை நடைவழியில் தரையோடு விடாமல், ஸ்கர்ட்டிங்கை ஒட்டி பிளாஸ்டிக் கேசிங்குக்குள் கொண்டுபோங்கள். இடப்பக்கச் சுவரும் பின்சுவரும் வழியாகச் சுற்றினால் நீளம் கூடும், ஆனால் யாருடைய காலும் இடறாது.

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீட்டில் பேசினேன், சோபாவை முன்னால் நகர்த்த அனைவருக்கும் சம்மதம். நேர்முக ஸ்பீக்கர் என்றும் முடிவு செய்துவிட்டேன். இடது ஸ்பீக்கரைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உள்ள நான்கடிச் சுவரில் மாட்டிவிடலாம். வலது ஸ்பீக்கருக்கு, மேலே ஓடும் பீமின் அடிப்பகுதியில் துளையிட்டு, ஒரு குழாயில் தொங்கவிடலாமா? தரையில் ஸ்டாண்டு வைத்தால் பேரக்குழந்தைகள் தள்ளிவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார்.

கட்டடக்காரன் எழுதியது:

பீமின் அடிப்பகுதியில் துளையிட வேண்டாம். பீமின் பாரத்தைத் தாங்கும் முதன்மைக் கம்பிகள் நடுப்பகுதியில் அடிப்பக்கமாகத்தான் ஓடுகின்றன. அவற்றை மூடியிருக்கும் காங்கிரீட்டின் தடிமன் ஓர் அங்குலம் போல்தான் இருக்கும். நான்கு கிலோ ஸ்பீக்கரின் எடை பீமுக்கு ஒன்றுமில்லை. கம்பியில் டிரில் படுவதும், அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கித் துரு பிடிப்பதும்தான் கவலை.

உங்களுக்குப் பீமே தேவையில்லை. காது பின்சுவரிலிருந்து 3 அடியில், ஸ்பீக்கர் காதுக்கு 2.2 அடி பின்னால் என்றால், ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் இடையில் மிஞ்சுவது 10 அங்குலத்துக்கும் குறைவு. அந்தப் பின்சுவர் சாப்பாட்டு அறைக்குள்ளும் நீள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில், 10 அங்குலம் வெளியே நீண்டு பக்கவாட்டில் திரும்பக்கூடிய கை பிராக்கெட் ஒன்றை மாட்டுங்கள். செங்கல் சுவர் என்றால் 8 மில்லிமீட்டர் நைலான் பிளக்கும் திருகும் தாராளமாகத் தாங்கும். பூச்சில் மட்டும் நின்றுவிடாமல் செங்கலுக்குள் 2 அங்குலமாவது இறங்கட்டும். உள்ளீடற்ற பிளாக் சுவராக இருந்தால் அதற்கென விரியும் பிளக் தனியாகக் கிடைக்கும். இடது ஸ்பீக்கரையும் பக்கச் சுவரில் மாட்டாமல் இதே பின்சுவரில் இதே பிராக்கெட்டில் மாட்டினால், இரண்டும் ஒரே தொலைவில், ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் அமையும்.

ஒலிநேயன் எழுதியது:

மிக அருமையான தீர்வு. இதில் ஒரே ஒரு திருத்தம் வாங்கும் பட்டியலில் வருகிறது: சுவருக்கு இவ்வளவு அருகில் வைப்பதால், பின்பக்கம் காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கர்களைத் தவிர்த்து, முழுவதும் மூடிய பெட்டியையோ முன்பக்கத் துளை உள்ளதையோ தேர்ந்தெடுங்கள். ரிசீவரில் சரவுண்டுக்கு ‘ஸ்மால்’ என்று அமைத்து, கிராஸ்ஓவரை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே உள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். துளையிடும் முன், அதே இடத்தில் அதே உயரத்துக்கு முக்காலியையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கி அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து, தந்தையாரை அவருடைய இடத்தில் அமரச் செய்து ஒரு படம் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம் என்று இல்லாமல் பிட்ஸ்ட்ரீம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல டிவிகளில் பிசிஎம் வைத்தால் ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) வழியாக இரண்டு சேனல் மட்டுமே வரும், சரவுண்டின் உண்மையான அளவு தெரியாமலே சுவரில் துளை போட்டுவிடுவீர்கள்.