இரண்டு ‘மோகனம்’ கோப்புறைகள்: பாட்டுக் கோப்புகளின் பெயர்கள் ஏன் ஒத்துவருவதில்லை?

கேள்வி:
அப்பா சேர்த்துவைத்த நாற்பது இசை சிடிக்களையும் கணினியில் ஏற்றி வருகிறேன். ஒன்றில் ‘01’ என்று தொடங்குகிறது, இன்னொன்றில் ‘1-01’, வேறொன்றில் வெறும் ‘டிராக் 01’. பலர் பாடிய தொகுப்பு ஒன்று பதினான்கு கோப்புறைகளாகச் சிதறிவிட்டது, ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டு! இரண்டு நாள் உட்கார்ந்து பெயர்களை மாற்றினேன். மென்பொருள் மறுபடி ஒழுங்குபடுத்தியதும் பழைய பெயர்களே வந்துவிட்டன. வழி சொல்லுங்கள்.

மறுமொழி:
கையால் மாற்றுவதை உடனே நிறுத்துங்கள், வீண் உழைப்பு. பெரும்பாலான ஆடியோ சிடிக்களில் பாட்டின் பெயரே இருக்காது. பாட்டுகளின் நீளத்தையும் வரிசையையும் வைத்து வட்டை அடையாளம் கண்டு, இணையத் தரவுத்தளத்தில் யாரோ தட்டச்சு செய்த பெயர்களை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அங்கே பதிவு இல்லையென்றால் ‘டிராக் 01’தான். ‘1-01’ என்பது பல வட்டுத் தொகுப்பின் முதல் வட்டு.

கோப்பின் பெயர் உள்ளே இருக்கும் டேக்கிலிருந்து, அதாவது பாட்டு, கலைஞர், ஆல்பம் பெயர்கள் பதிந்த குறிப்பிலிருந்து பிறக்கிறது. டேக்கைத் திருத்தாதவரை எதுவும் நிலைக்காது. அந்தப் பதினான்கு பாட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ‘ஆல்பம் கலைஞர்’ கட்டத்தில் ‘பல்வேறு கலைஞர்கள்’ என்று எழுதுங்கள். அது காலியாக இருந்ததால்தான் ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு கோப்புறை உருவாகியிருக்கும். பிறகு மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு போன்ற இலவச நிரலில் பெயர் அமைப்பை ஒருமுறை வகுத்துவிட்டால் போதும். பாட்டு எண் ஈரிலக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சில கருவிகளில் 1-ஐ அடுத்து 10 வந்து நிற்கும். தொடங்கும் முன் ஒரு நகல் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

கேட்டவர்:
தொகுப்பு ஒன்றுசேர்ந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் ‘மோகனம்’ என்ற இரட்டை வட்டு ஆல்பம் மட்டும் இரண்டு கோப்புறைகளாகவே இருக்கிறது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன். ஓர் இடைவெளிகூட மிகையில்லை.

இன்னொரு மறுமொழி:
இது என்னை ஒரு வாரம் அலைக்கழித்த சிக்கல். ‘மோ’வில் உள்ள ஓகாரக் குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ ஒரு ‘மோகனம்’ 6 குறியீடுகள், மற்றது 7. கொ, கோ, கௌ வரிசைகள் மூன்றிலும் இது நேரும். மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள்; ஒரு வட்டின் ஆல்பம் பெயரை நகலெடுத்து, மற்ற வட்டின் டேக்கில் அப்படியே ஒட்டுங்கள்.

கேட்டவர்:
ஒட்டினேன், சேர்ந்துவிட்டது! பதிவே இல்லாத மூன்று வட்டுகள் மிச்சம். உறைக்குள் அப்பா பென்சிலால் எழுதிவைத்த பாட்டு வரிசையைப் பார்த்து அவற்றின் பெயர்களைத் தட்டச்சு செய்கிறேன். முடித்ததும் தரவுத்தளத்திலும் சேர்த்துவிடுவேன்.