பெப்டைட் சீரம் வெயிலில் நிற்பவர்களுக்கு உதவுமா?

கேள்வி (கிளிநொச்சி):
நாள்தோறும் ஏ9 வீதியில் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போய்வருவதாலும் விடுமுறை நாட்களில் வயலில் நிற்பதாலும், நாற்பத்திமூன்று வயதிலேயே எனக்குக் கண்ணோரம் சுருங்கிவிட்டது. கொழும்பிலுள்ள தங்கை ஒரு சீரம் அனுப்பியிருக்கிறாள். பால்மிட்டோயில் பென்டாபெப்டைட்-4, அசெட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8 என்று அதில் எழுதியிருக்கிறது. இவை தோலுக்குள் இறங்குமா, பூசிய சந்தனம்போல முகம் கழுவும்போது போய்விடுமா?

பதில் 1 (வவுனியா, மருந்தாளர்):
அக்கா, பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சங்கிலி. நீங்கள் குறிப்பிட்ட முதலாவது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் முன்வடிவத்திலுள்ள ஐந்து அமினோ அமிலத் துண்டொன்றைப் பார்த்துச் செய்யப்பட்டது; ஆய்வுகூடத்தில் வளர்த்த தோல் உயிரணுக்கள் அத்துண்டைக் கண்டதும் புதிய கொலாஜனைக் கூடுதலாக உருவாக்கின. ஆனால் ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் தோலின் வெளி அடுக்கை எளிதில் கடப்பதில்லை. நீரை விரும்பும் இத்துண்டு எண்ணெய்ப்பசையுள்ள அந்த அடுக்கில் ஒட்டட்டும் என்றுதான் பால்மிட்டிக் கொழுப்பமிலத்தை வாலாகச் சேர்த்தார்கள்; அதனால் எடை 800 டால்டனைத் தொட்டது வேறு கதை. 2005இல் வெளியான ஆய்வில் 93 பெண்கள் 12 வாரங்கள், முகத்தின் ஒரு பாதியில் இதையும் மறுபாதியில் இது சேராத களிம்பையும் பூசினார்கள். வேறுபாடு தெரிந்தது, ஆனால் சிறியது. ஆய்வாளர்களும் அழகுசாதன நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்களே.

இரண்டாவதை, தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசிமருந்தான போடொக்ஸுக்கு மாற்று என்று விற்கிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போக உதவும் புரதமொன்றின் நுனியைப் பார்த்துச் செய்தது அது. போடொக்ஸ் ஊசியால் தசைக்குள்ளேயே போகிறது. இதுவோ தோலின் மேல் நிற்கிறது. எனக்கு இதில் அதிக நம்பிக்கை இல்லை.

பதில் 2 (முல்லைத்தீவு):
சீரம் கெடுதல் செய்யாது, பூசுங்கள். ஆனால் அவுஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் கவனித்தபோது, சன்ஸ்கிரீனை நாள்தோறும் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களுடையதைவிட 24 வீதம் குறைவாகவே முதுமையடைந்திருந்தது. நம் வெயிலுக்கு முதற்செலவு அதுவாக இருக்கட்டும். வயலுக்கு அகலத் தொப்பியும் வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் வீடு தகரக் கூரை. போத்தலை எங்கே வைப்பது?

பதில் 1:
அலுமாரியில் வேண்டாம், அக்கா. நீரில் கரைந்த பெப்டைட் சூட்டில் மெல்ல மெல்ல உடையும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதன் கதவுத் தட்டில் வையுங்கள். இல்லையேல் தண்ணீர்ப் பானையின் அருகே, வெயில் படாத மூலையில்.