பராஸ்கெவீ: வெள்ளிக்கிழமையின் பெயர் கொண்ட ஒரு மூதாட்டி

2019இல் ஏதென்ஸ் நகரில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டியை அக்கம்பக்கத்தார் அனைவரும் விவி என்றே அழைத்ததால், அதுவே அவருடைய முழுப்பெயர் என்று நினைத்திருந்தேன். கிரேக்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு ஒருநாள் வாசலிலிருந்த தபால் பெட்டியைப் பார்த்தபோது, அதே வாரம் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்த 'பராஸ்கெவீ', அதாவது வெள்ளிக்கிழமை என்ற சொல் அதில் எழுதியிருந்தது. காரணம் கேட்டேன். "அது என் பெயர், என் பாட்டியின் பெயரும் அதுவே" என்றார்.

கிரேக்கத்தில் திங்கள் முதல் வியாழன் வரை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள். வெள்ளியில் அந்த எண்ணிக்கை நின்றுவிடுகிறது. பராஸ்கெவீ என்றால் ஆயத்தம். ஓய்வுநாளான சனிக்கிழமை வேலை செய்யலாகாது என்பதால், யூதர்கள் உணவு முதலியவற்றை முந்தின நாளே ஆயத்தம் செய்து வைத்தார்கள். அந்த வழக்கத்திலிருந்தே கிழமைக்கு இப்பெயர் வந்தது. இன்றும் அச்சொல் பழைய பொருளில் வழங்குகிறது என்பதைக் காட்ட, விவி அம்மா கண்புரை அறுவைக்குப் பின் தாம் போட்டுக்கொண்டிருந்த சொட்டு மருந்தின் பெட்டியை எடுத்து, 'தயாரிப்பு' என்னும் பொருளில் அதில் அச்சாகியிருந்த 'பராஸ்கெவாஸ்மா' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

பெண்பெயராக அது பரவியதற்குக் காரணம் புனித பராஸ்கெவீ. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்ததால் அவருக்கு அப்பெயர் இடப்பட்டது என்பதும், தம்மை வதைத்த பேரரசருக்கே பார்வையை மீட்டுத் தந்தார் என்பதும் மரபு. அதனால் கண்நோயாளிகள் அவரை வேண்டிக்கொள்கிறார்கள்.

அவருடைய திருநாளான ஜூலை 26 அந்த ஆண்டு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. விவி அம்மா என்னைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். தட்டில் இரு கண்களை ஏந்திய புனிதையின் படத்தின் முன்னே, கண்கள் பொறித்த மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாகத் தொங்கின. சமயபுரத்தில் என் தாயார் காணிக்கையாகச் செலுத்திய கண்மலரை அங்கே மீண்டும் கண்டதுபோல் நெஞ்சு நெகிழ்ந்து நின்றேன்.

கிரேக்கர் பலருக்குப் பிறந்தநாளைவிட, தம் பெயர் கொண்ட புனிதரின் திருநாளான பெயர்நாளே பெரிது. அன்று மாலை விவி அம்மா வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்; யாரையும் அழைக்கவில்லை, தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது.