திருக்கடலூர்க் கரையில் பூங்கா வந்தால் வாடைக்கு வள்ளங்களை எங்கே ஏற்றுவது?

கடலூர்ப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, திருக்கடலூர். அப்பாவும் அண்ணாவும் கடற்றொழில். போன கிழமை எங்கள் பகுதியின் எதிர்கால அபிவிருத்தி பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். கரையோடு நடைபாதை, விளக்குகள், வாகனத் தரிப்பிடம், சின்னப் பூங்கா என்று வரைபடத்தில் காட்டினார்கள். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் பூங்காவுக்குப் பச்சையடித்த இடத்தில்தான் நாங்கள் வாடைக்கு, அதாவது வாடைக்காற்று வீசும் மாதங்களில், வள்ளம் ஏற்றுகிறோம்.

அளவெடுத்தது ஆடி மாதமாம். அப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வள்ளங்களும் தண்ணீர் ஓரத்திலேயே நிற்கும், மேலே வெறும் மணல்தான். கார்த்திகை பிறந்தால் அலை மணலை அரித்துக்கொண்டு மேலே வரும். தை வரைக்கும் வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் வீதியோரத்தில்தான். எழும்பிச் சொன்னேன், யாரும் குறித்துக்கொண்டதைக் காணவில்லை. எழுத்தில் எப்படிக் கொடுப்பது?

உவர்மலைப் படவரைஞர்:
பிள்ளை, திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிற திட்டமென்றால், வரைவை 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் அதற்குள் போய்ச் சேர வேண்டும். வரைபடம் தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கடலிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம்தான்.

நான் 30 வருடம் வரைபடம் கீறியவன். வெறும் கடிதம் வந்தால் கோப்புக்குள் போய்விடும். அளவு போட்ட படம் வந்தால் எடுத்து மேசையில் விரிப்போம். வாடையில் அலை எதுவரை ஏறும் என்று பெரியவர்களிடம் கேட்டு, அங்கிருந்து வீதிவரை நாடா பிடியுங்கள். ஒவ்வொரு வள்ளத்தின் நீளம், இடையில் விடுகிற வழி, வலை காயப்போடுகிற இடம், எல்லாம் வர வேண்டும்.

மனையாவெளித் தம்பி:
அக்கா, மழைத்தண்ணீர் ஓடுகிற கானையும் சேருங்கள். நடைபாதையை உயர்த்திக் கட்டினால் அணை மாதிரி நின்றுவிடும். பெருமழையும் அதே மாதங்களில்தானே? ஒழுங்கைத் தண்ணீர் கடலுக்குப் போக அடியில் எத்தனை குழாய் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நடைபாதையே வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மணலில் நடக்க ஏலாது. நடைபாதை வீதியின் மற்றப் பக்கத்தால் வந்தால் அவரும் பின்னேரம் கடல் பார்க்கலாம்.

கடலூர்ப் பிள்ளை:
நன்றி ஐயா, தம்பி. மற்றப் பக்க யோசனையையும் எழுதுகிறேன். அண்ணா நாடா கொண்டுவருவார். அப்புறம், பழைய அல்பத்தில் ஒரு தைப்பொங்கல் படம் கிடைத்தது. வாசலில் பானை பொங்குகிறது. பின்னால் வீதிவரை வள்ளங்கள், அப்பாவின் நீல வள்ளமும் தெரிகிறது. அதையும் இணைக்கிறேன்.