மூட்டைப்பூச்சிக்கு வயல் மருந்து அடிச்ச மெத்தையில பிள்ளையைப் படுக்க வைக்கலாமா?

பாளை வாடகைவீடு:
மரக்கட்டில் இடுக்கு, மெத்தைத் தையல் எல்லாம் மூட்டைப்பூச்சி. மிச்சமிருந்த குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.யைத் தண்ணியில கலந்து நேத்து ரெண்டுலயும் அடிச்சாச்சு. வாடை போகல. ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கு. எத்தனை நாள் கழிச்சுப் படுக்கலாம்? செல்பாஸ் மாத்திரை வச்சா ஒரேயடியா ஒழியுமா?

பூச்சிமருந்துக்காரர்:
செல்பாஸ் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. காத்துல உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். கதவிடுக்கு வழியா அடுத்த வீட்டுக்கும் போகும், முறிமருந்து கிடையாது. கிட்டங்கியில தானியத்துக்குப் பயிற்சி உள்ளவங்க போடுற சரக்கு அது.

மெத்தைக்கு நாள்கணக்கு இல்ல. வயல்ல வெயிலும் மண்ணும் மருந்தைச் சிதைக்கும். பஞ்சுக்குள்ள இறங்கினது அப்படியே கிடக்கும். பிள்ளை அதுல முகம் புதைச்சுத் தூங்கும், கையை வாயில வைக்கும். மெத்தையைக் கிழிச்சு, யாரும் எடுக்காதபடி அப்புறப்படுத்துங்க, எரிக்கக் கூடாது. கட்டிலைக் கையுறை போட்டு சோப்புத்தண்ணியில ரெண்டு மூணு தடவை கழுவுங்க.

பாளை வாடகைவீடு:
காலையில இருந்து பிள்ளைக்கு எச்சில் ஒழுகுது. பல் முளைக்கிறதாலயா?

நர்ஸ் அக்கா:
பல்லுன்னு நினைச்சு உட்காராதீங்க. மெத்தையில அடிச்ச மருந்து உடம்புல ஏறினா எச்சில், கண்ணீர், வேர்வை, வாந்தி, பேதி, மூச்சிரைப்பு வரும். கண்மணி ஊசிமுனையா சுருங்கும். உடுப்பைக் கழற்றி, தலையோட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, இப்பவே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மூச்சு வாங்கினா, அசந்து கிடந்தா 108. மருந்து பாட்டிலை ஒரு பையில கட்டி எடுத்துட்டுப் போங்க, அதைப் பார்த்தாத்தான் அதுக்கான முறிமருந்து அட்ரோபின் வேணுமான்னு முடிவு பண்ண லேசா இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீங்க.

பூச்சிமருந்துக்காரர்:
முதல்ல ஆஸ்பத்திரி. பூச்சியைப் பிறகு பார்க்கலாம்.

பூச்சிக்குச் சூடுதான் எமன். போல்ட்டைக் கழற்றி, கட்டில் மூட்டுகள்ல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. விரிப்பு, தலையணை உறையை 60 டிகிரித் தண்ணியில துவைங்க. பத்தமடைப் பாயைச் சுடுதண்ணியில போட்டா கோரை பாழாயிரும். கறுப்பு பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டி உச்சிவெயில்ல வைங்க. சும்மா காயப்போட்டா பூச்சி நிழல்பக்கம் நகர்ந்துரும். உள்ளே தெர்மாமீட்டர் 50 டிகிரி காட்டி 2 மணி நேரம் நிக்கணும், அப்ப முட்டையும் சாகும். சுவர்க்கீறலை சிமெண்டால அடைங்க.

தப்பின முட்டை 6 முதல் 10 நாள்ல பொரிக்கும், அதனால ரெண்டு வாரத்துல எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். அதுக்கும் அடங்கலைன்னா லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க. மருந்துப் பேரையும், எத்தனை மணி நேரம் கழிச்சு உள்ளே வரலாம்னும் எழுதி வாங்கிக்கோங்க.