தடைக்காலத்தில் ஏறிய எடை

பாம்பனிலிருந்து:

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன் நான். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகும் கரையில், நானும் கரையில். போன வருஷம் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று, மீன் நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். 84 கிலோ! பக்கத்திலிருந்த சித்தப்பா, "சீலா மீனாப் பொறந்திருந்தா நல்ல விலைக்குப் போயிருப்படா" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். வலைக்குக் குனிந்தபோதெல்லாம் மூச்சு வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ராத்திரி முழுக்க வலையோடு மல்லுக்கட்டும்போது சாப்பிட்ட அதே சோற்றை, பூவரசு மரத்தடியில் சீட்டாடும்போதும் சாப்பிட்டிருக்கிறேன். போதாததற்கு நாலு மணிக்கு வடை, ராத்திரி புரோட்டா, சால்னா. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் நர்ஸ் அக்கா டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றினார். 102 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80-ஐத் தாண்டக்கூடாதாம்.

சோற்றை விடவில்லை, நம்மால் ஆகாது. மறுசோறு வாங்குவதை மட்டும் நிறுத்தினேன். குழம்பில் மீன் கூடுதல், தட்டில் சோறு குறைவு. சாளையும் சூடையும் இப்போது குழம்புக்குத்தான், பொரிப்பது ஞாயிறு மட்டும். கரையில் இருக்கும் நாட்களில் விடியலில் மணலில் 40 நிமிட நடை. கால் புதையப் புதைய நடப்பதால் ரோட்டை விடச் சீக்கிரம் வியர்க்கும். கருவாடு காயப்போடும் அக்காமார்தான், "என்னத்தத் தொலைச்ச தம்பி?" என்று தினமும் கேட்பார்கள்.

இந்த வருஷத் தடைக்காலம் முடிந்து அதே தராசில் ஏறினேன். 77.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, என்னைக் கவிழ்த்தது கருப்பட்டி. சீனியை விட்டுவிட்டேன் என்ற பெருமையில் தினம் நாலு கருப்பட்டிக் காப்பி. எடை இம்மியும் அசையவில்லை. இரண்டும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரிதான் என்று மகள் சொன்ன பிறகுதான் உறைத்தது. நோன்பு மாதத்திலும் இதே கதைதான். பகலெல்லாம் பட்டினி, ஆனால் நோன்பு திறந்ததும் கஞ்சியோடு சமோசா, வடை என்று போய் 2 கிலோ ஏறிவிட்டது. இப்போது கஞ்சி, பேரீச்சம்பழம், அப்புறம் தொழுகை முடிந்து மாடியில் நடை. அல்வா மாதிரிக் கிண்டும் தொதலை மட்டும் என்னால் விட முடியவில்லை. உம்மா கிண்டினால் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

மண்டபத்திலிருந்து:

மாப்ள, கடலிலிருந்து வந்த கையோடு நிறுக்காதே. வியர்வையில் போன தண்ணீரும் எடை குறைந்த மாதிரிதான் காட்டும். வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள். காலையில், வெறும் வயிற்றில்.

பாம்பனிலிருந்து:

சரி மச்சான். ஆனால் காலையில் போனால் தராசில் நண்டு உட்கார்ந்திருக்கும்.